மீட்டர் வீட்டுப் பவளம் சொன்ன சாட்சி

“எங்க வீட்டுப் பவளம் சாட்சி சொல்லி ஒரு மகானைச் செருப்புக்கூடப் போடவிடாம ஓட வச்சுது” என்றார் மீட்டர்.

சலூன்காரர் அவர் கழுத்திலிருந்து கத்தியை எடுத்துவிட்டார். வாடிக்கையாளரின் தொண்டைக்குழியில் கத்தியை வைத்துக்கொண்டு சிரிப்பது தொழில் தர்மம் அல்ல. தள்ளி நின்று, ஆசை தீரச் சிரித்துவிட்டு வந்தார்.

“பவளம்னா மோதிரத்துல வச்சிருப்பாங்களே, சிவப்புக் கல்லு. அதுவா?”

“அது செத்துப்போனது. நான் சொல்றது உயிரோட இருக்கிறது. கண்ணாடித் தொட்டியில, உப்புத் தண்ணியில, மான் கொம்பு மாதிரி கிளை விட்டு வளரும். பாத்தா செடி, உண்மையில பிராணி.”

“பிராணி. சரி. சாட்சி சொல்லிச்சு. அதுவும் சரி. எந்த பாஷையில சொல்லிச்சு?”

“சிரிங்க, நல்லா சிரிங்க. என்னை நம்ப வேண்டாம். என் கொழுந்தியாளைக் கேளுங்க.”

சலூன்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. அந்தக் கொழுந்தியாளை அவருக்குத் தெரியும். அடுத்த தெருவில் தையல் கடை. வெளியே மழை பெய்கிறது என்று யாராவது சொன்னால், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, நனைந்த விரலைத் தேய்த்துப் பார்த்த பிறகுதான் “உம்” என்பாள். அவள் பெயரைச் சாட்சிக்கு இழுக்கும் அளவுக்கு மீட்டருக்குத் தைரியம் இருக்கிறது என்றால், விஷயத்தில் ஏதோ இருக்கிறது.

இருந்தது.

மீட்டர் என்பது அவருக்கு ஊர் வைத்த பெயர். வேலையில் இருந்த காலம் முழுக்க வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். மாடிப்படிக்கு அடியில், பழைய செய்தித்தாள் கட்டுக்குப் பின்னால், பல்லி முட்டை போட்ட இருட்டு மூலைகளில் குனிந்தே முதுகு தேய்ந்தவர். ஓய்வு பெற்ற அன்றே, இனிமேல் வெளிச்சமாக ஒன்றைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னார். மனைவி அது தன்னைத்தான் என்று நினைத்துக் கொஞ்சம் வெட்கப்பட்டாள். மறுநாள் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியது.

அதில் கட்டைவிரல் அளவுப் பவளக் கிளை ஒன்றை வைத்தார். அது வளர்ந்தது. உள்ளங்கை அளவாகி, தாம்பாளம் அளவாகி, கடைசியில் தொட்டியின் நடுவே ஒரு மகாராணி போல உட்கார்ந்துகொண்டது. அவரும் அதைத் ‘தாய்’ என்றே அழைத்தார். குறை ஒன்றுதான். ராணியின் நிறம் தவிட்டு நிறம்.

“ஆறிப்போன காப்பி மாதிரி இருக்கு” என்றாள் மனைவி.

பவளம் வளர்ப்போர் சங்கம் என்று ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒருவர் வீட்டில் கூடுவார்கள். பல் டாக்டர் வீட்டில் கூடினார்கள், ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் வீட்டில் கூடினார்கள். மீட்டர் வீட்டில் மட்டும் கூடியதே இல்லை. அவர் கூப்பிட்டதும் இல்லை. பெண் பார்க்க வருகிறவர்களிடம் சாக்குச் சொல்லும் தகப்பனைப் போல, “அடுத்த வாரம் பார்ப்போம்” என்றே காலத்தை ஓட்டினார்.

பவளம் ஏன் தவிட்டு நிறமாகிறது, எப்படி நிறம் ஏற்றுவது என்பதெல்லாம் புத்தகங்களில் இருந்தது. மீட்டரும் படித்திருந்தார். தொட்டியில் கூட இருக்கும் மீன்களுக்கு அளவாகத் தீனி போடு, தண்ணீரை அடிக்கடி மாற்று, நல்ல வெளிச்சம் கொடு, காத்திரு. ஆனால் மீட்டர் தன் மீன்களுக்கு மாப்பிள்ளை விருந்து போடுகிறவர். தொட்டி விளக்கின் கண்ணாடியில் உப்பு படிந்து படிந்து, சுண்ணாம்பு அடித்த சுவர் போல ஆகியிருந்தது. புத்தகம் பொறுமையைக் கேட்டது. அப்போதுதான் கடலடியார் வந்தார். அவர் பொறுமையைக் கேட்கவில்லை. கிளையைத்தான் கேட்டார்.

கடலடியார் கடலின் அடியிலே மூச்சை அடக்கி ஒரு மாமாங்கம் தவம் இருந்தவராம். திமிங்கலம் ஒன்று தினமும் வந்து விசாரித்துவிட்டுப் போகுமாம். தவம் முடிந்து கரையேறியபோது அவர் சட்டை நனையவே இல்லையாம். இதைச் சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், சட்டைதான் சொன்னது என்று பதில் வந்திருக்கும்.

முதல் அற்புதம் பல் டாக்டர் வீட்டில். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். தொட்டி இல்லாதவர்களும் வந்தார்கள். தொட்டி என்றால் என்னவென்று தெரியாதவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். வாசலில் செருப்புக் குவியல் மாடிப்படியை மறைத்தது. ஒருவர் போட்டு வந்ததைவிட நல்ல செருப்போடு வீடு திரும்பினார். அதையும் அருள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

“திரையை மூடுங்கள்” என்றார் கடலடியார். மூடினார்கள். “கண்ணேறு பட்டுத்தான் பவளம் கறுக்கிறது. உங்கள் கண் அதன்மேல் நேராகப் படக்கூடாது. கண்காப்பு அணியுங்கள்.” கண்காப்பு என்பது ஒரு மஞ்சள் கண்ணாடி. ஒரு கூடை நிறையக் கொண்டு வந்திருந்தார். காணிக்கை கொடுத்து ஆளுக்கொன்று வாங்கி மாட்டிக்கொண்டார்கள். இருட்டில் எல்லோரும் வெல்டிங் பட்டறை விருந்துக்கு வந்தவர்கள் போல இருந்தார்கள்.

கடலடியார் அங்கிக்குள்ளிருந்து ஒரு நீல விளக்கை எடுத்துத் தொட்டிமேல் பிடித்தார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். அவ்வளவுதான்! பல் டாக்டரின் தவிட்டுப் பவளம் பச்சைத் தீயாக எரிந்தது. ஒரு பெண்மணி அழுதாள். பேராசிரியர், வேதியியல் படித்தவர், பாவம், அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிறகு கடலடியார் வெட்டும் இடுக்கி ஒன்றை எடுத்து, கண்ணேறு குடியிருக்கும் கிளை எது என்று தேடினார். ஒவ்வொரு வீட்டிலும் அது இருப்பதிலேயே பெரிய, கொழுத்த, கொம்பு விட்ட கிளையாகவே இருந்தது. கெட்ட கண்ணுக்கு நல்ல ரசனை. அதை வெட்டி, உப்புத் தண்ணீர் நிரம்பிய டப்பாவில் போட்டு, “நடுக்கடலில் கரைத்துவிடுகிறேன்” என்று எடுத்துப் போனார்.

கண்ணேறு கழிந்தவர்களுக்கு அடுத்த படி ஒன்று இருந்தது. கடலடிக் கிளை. மனிதக் கை படாத ஆழத்தில் கடலடியாரே பறித்து வந்தது. வீட்டுக்கு ஒன்று வாங்கித் தொட்டியில் வைத்தால் நிறம் தங்கும். நிபந்தனை ஒன்றே ஒன்று. “வீட்டுப் பவளமும் கடலடிக் கிளையும் ஒன்றையொன்று தொடக்கூடாது. தொட்டால் தீட்டு. வீடே விளங்காது.”

சங்கத்தார் தீட்டுக்குப் பயந்து, இரண்டுக்கும் நடுவே கல் சுவர் எழுப்பினார்கள். கடலில் இல்லாத சாதி அந்தத் தொட்டிகளுக்குள் வந்தது.

மீட்டரும் தன் தாயைக் கடலடியாரிடம் காட்டினார். எல்லாம் ஆயிற்று. பெரிய கிளை போயிற்று. கடலடிக் கிளை வந்தது. மஞ்சள் கண்ணாடி மூக்கிலேயே தங்கிவிட்டது. காலையில் தொட்டி முன்னால் உட்கார்ந்து ஒரு கையில் நீல விளக்கும் மூக்கில் கண்ணாடியுமாக அவர் ரசிப்பதைப் பார்த்த கொழுந்தியாள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அக்கா, அத்தானுக்கு என்னாச்சு?”

“நிறம் பாக்கிறாராம்.”

“அத்தான், கண்ணாடியைக் கழட்டுங்க.”

“கழட்டினா கண்ணு அவிஞ்சிடும்.”

“எனக்கு அவியட்டும்” என்று தொட்டிமுன் குனிந்து வெறுங்கண்ணால் பார்த்தாள். ஜன்னல் திரையை இழுத்தாள். வெயில் வந்து விழுந்தது. “தவிடு” என்றாள். திரையை மூடினாள், விளக்கையும் கண்ணாடியையும் வாங்கிப் பார்த்தாள். “பச்சை.” மறுபடி திரையைத் திறந்தாள். “தவிடு. அத்தான், என் கடைக்கு வர்றவங்க நூல் நிறம் பாக்கணும்னா துணியை எடுத்துக்கிட்டு வாசலுக்கு ஓடுறாங்க. நீங்க என்னடான்னா வாசலை மூடிட்டு நிறம் பாக்கிறீங்க!”

“இது துணி இல்லம்மா. தெய்வீகம்.”

“தெய்வீகத்துக்கு வெயில் ஆகாதா?”

மீட்டர் கண்ணாடியைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டார். அவர் முகம் வேறு காரணத்துக்காகத் தொங்கியிருந்தது. மனைவிதான் சொன்னாள். கடலடியார் நேற்று வந்து பார்த்தாராம். கண்ணேறு கிளையோடு போகவில்லையாம். அடியோடு இறங்கிவிட்டதாம். வருகிற பௌர்ணமிக்கு அடுத்த பௌர்ணமி அன்று, சங்கம் முழுக்க இந்த வீட்டிலேயே கூடி, தாயை வேரோடு எடுத்துப் போகப் போகிறாராம்.

“முழுசாவா?”

“முழுசா” என்றார் மீட்டர். மஞ்சள் கண்ணாடிக்குள் கண் கலங்கியது. “கட்டைவிரல் அளவுல வந்துச்சு. கரண்ட் போன அன்னைக்கெல்லாம் பக்கத்துல உட்கார்ந்து, கையால தண்ணியைக் கலக்கிக் காப்பாத்தினேன். இப்ப தெய்வமே கேக்குது. என்ன செய்ய?”

கொழுந்தியாள் தொட்டிக்குள் இருந்த கல் சுவரைப் பார்த்தாள். அவளுக்குப் பவளத்தைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. அத்தானைப் பற்றித் தெரியும்.

“சரி அத்தான். தொட்டா தீட்டுன்னாரே. தொட்டா உண்மையில என்ன ஆகும்?”

“அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ரெண்டு வேற வேற பவளம் தொட்டுச்சுன்னா சண்டை. ஒண்ணை ஒண்ணு கொட்டும். தொட்ட இடம் வெந்து வெள்ளையாப் போயிடும்.”

“ஒரே பவளத்தோட ரெண்டு துண்டு தொட்டா?”

“அது தன் உடம்புதானே? சண்டை போடாது. ஒட்டிக்கும். தோல் மேல தோல் வளர்ந்து ஒண்ணாயிடும்.”

“சங்கத்துல எல்லாருக்கும் இது தெரியுமா?”

“தெரியாம? அது அரிச்சுவடி.”

“அப்ப அந்தக் கடலடிக் கிளையை உங்க தாய்க்குப் பக்கத்துல தொடற மாதிரி வைங்க.”

மீட்டர் எழுந்தே நின்றுவிட்டார். “வீடு விளங்காது!”

“தாய் போனப்புறம் வீடு விளங்கி என்ன செய்யப் போறீங்க?”

அந்தக் கேள்வி சரியான இடத்தில் குத்தியது. மீட்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி கையிலிருந்த முறத்து அரிசியைப் பார்த்தாள். மின்சாரம் பாயும் கம்பியையே விரல் நுனியால் சோதித்த மனிதர், அன்றைக்குத் தண்ணீருக்குள் கையை விடுவதற்கு முன் மூன்று முறை கன்னத்தில் போட்டுக்கொண்டார். கல் சுவரை இடித்தார். கடலடிக் கிளையைத் தாயின் இடது தோளில் சாய்த்து வைத்தார். இடி விழவில்லை. அடுப்பில் பால் பொங்கியது, அவ்வளவுதான். அதற்கே அவர் ஒரு துள்ளு துள்ளினார்.

“போதாது” என்றாள் கொழுந்தியாள். “இது ஒட்டிக்கிச்சுன்னா, எல்லாமே ஒட்டும்னு சொல்லிடுவாங்க. நிச்சயமா வேற வீட்டுப் பவளம் ஒண்ணு இருக்கா?”

இருந்தது. பல் டாக்டர் முன்னொரு காலத்தில் அன்பாகக் கொடுத்தது, மூலையில் கிடந்தது. அதை எடுத்துத் தாயின் வலது தோளில் சாய்த்தார்கள்.

“ரெண்டு பக்கமும் தொட்டாச்சு” என்றாள். “இனிமே தாயே சொல்லட்டும்.”

“கல்லு பேசுமாடி?” என்றாள் அக்கா.

“எனக்கு நம்பிக்கை இல்லக்கா. கல்லே வாயைத் திறந்து சொன்னாலும் அந்தக் கூட்டம் காதைத் திறக்காது. பாத்துக்கிட்டே இரு.”

முதல் பௌர்ணமி போயிற்று. இரண்டாம் பௌர்ணமி அன்று, பட்டப்பகலில், மீட்டர் வீட்டில் சங்கம் கூடியது. முதல் தடவை! கூடம் கொள்ளவில்லை. சமையலறை அலமாரியில்கூட ஆள் ஏறி உட்கார்ந்திருந்ததாக மீட்டர் சொல்வார். அதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். தொட்டியை ஒரு போர்வை மூடியிருந்தது. திரைகள் இழுத்து மூடப்பட்டன. மஞ்சள் கண்ணாடிகள் மாட்டப்பட்டன. கடலடியார் பெரிய வாளியோடு வந்திருந்தார். தாய்க்குச் சரியான அளவு.

“ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம் சாமி” என்று கொழுந்தியாள் எழுந்தாள். கையில் ஒரு துணிப்பை.

“கேளம்மா.”

“இந்த வீட்டுக் கடலடிக் கிளை, இந்தத் தாய்க்குச் சொந்தமா இருக்க வாய்ப்பு உண்டா?”

கடலடியார் சிரித்தார். “ஆழ்கடல் எங்கே, இந்தத் தவிடு எங்கே! ரத்த சம்பந்தமே கிடையாது. தொட்டால் எரிந்து சாம்பலாகிவிடும்.”

“எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?”

“கேட்டோம் கேட்டோம், உட்காரும்மா” என்றார் பேராசிரியர்.

அவள் உட்காரவில்லை. நீல விளக்கு எரிந்ததும், பையிலிருந்து ஒரு மேல்சட்டையை எடுத்து அதற்கு நேராகப் பிடித்தாள். ராத்திரியில் ரோடு போடுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் எலுமிச்சைப் பச்சைச் சட்டை. அவள் கடையில் மூட்டை மூட்டையாகத் தைப்பது. மஞ்சள் கண்ணாடி வழியாகக் கூட்டம் பார்த்தது. எந்தப் பவளமும் அப்படி எரிந்ததில்லை. சட்டை சூரியனாக எரிந்தது.

“ஐயோ!” என்றார் ஒருவர். அவர் அலறியது ‘அடடா, இது வெளிச்சத்தோட வேலையா?’ என்று அல்ல. அவர் சட்டையைக் கும்பிட்டார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் கும்பிட்டார். பின்வரிசையில் யாரோ, “அந்த சட்டை விலைக்குக் கிடைக்குமா?” என்று கேட்டார்.

கடலடியார் சுதாரித்துவிட்டார். “பார்த்தீர்களா! அருள் பெருகித் துணிக்கும் பாய்கிறது!”

கொழுந்தியாள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொன்னேன் இல்லையா என்ற பார்வை. பையைச் சுருட்டிக்கொண்டு உட்காரவே போய்விட்டாள்.

எழுந்தவர் மீட்டர். தட்டுத்தடுமாறி ஜன்னலுக்குப் போனார். ஒரே இழுப்பில் திரையைத் திறந்தார். பகல் வெயில் கூடத்துக்குள் பாய்ந்தது. தன் மூக்கிலிருந்த மஞ்சள் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். கண் அவியவில்லை. தொட்டியின் போர்வையை இழுத்தார்.

“டாக்டர், முன்னாடி வாங்க. வலது பக்கம் இருக்கிறது உங்க வீட்டுப் பவளம். என்ன தெரியுது?”

பல் டாக்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்தார். “தொட்ட இடம் வெந்து போயிருக்கு. வெள்ளைக் கோடு. சண்டை போட்டிருக்கு. அது சகஜம்தானே.”

“இப்ப இடது பக்கம். அது கடலடிக் கிளை.”

டாக்டர் பார்த்தார். பல் பார்க்கும் கண். ஈறு எங்கே முடிகிறது, பல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துப் பழகிய கண். நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் அருள் இல்லை.

“கோடே இல்ல” என்றார். “ஒட்டிக்கிச்சு. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னே தெரியல. இது ரெண்டு பவளம் இல்ல. ஒண்ணு.”

அந்த அரிச்சுவடியைக் கூட்டம் எழுத்துக் கூட்டிப் படிக்கும் சத்தம் கிட்டத்தட்டக் காதில் கேட்டது.

“அப்ப…” என்று பல் டாக்டரே தொடர்ந்தார். “கண்ணேறுன்னு இங்க வெட்டின கிளையை…”

“எனக்கே வித்திருக்காரு” என்றார் மீட்டர். “நானும் காணிக்கை கொடுத்து, கும்பிட்டு, என் கிளையையே வாங்கியிருக்கேன்.”

“தாய் உள்ளம்!” என்று கடலடியார் கையை உயர்த்தினார். “அருளால் அந்நியனையும் அணைத்துக்கொண்டது!”

“அப்படின்னா பக்கத்துல இருக்கிறவனை ஏன் எரிச்சுது?” என்று கேட்டார் பேராசிரியர். வேதியியல் அவருக்குள் எங்கேயோ புதைந்து கிடந்து, அப்போதுதான் இருமியது. “சாமி, எரிந்து சாம்பலாகும்னு நீங்கதானே சொன்னீங்க? எல்லாரும் கேட்டோமே?”

“அது… கடலின் ரகசியம்…”

“ரகசியம் இருக்கட்டும்” என்றார் டாக்டர். “என் வீட்டுல இருக்கிறது யாரோட கிளை?”

இந்தக் கேள்வி ஒரு வாயிலிருந்து புறப்பட்டு, அடுத்த நொடியில் எல்லா வாயிலிருந்தும் வந்தது. கடலடியார் வாளியை எடுத்தார், வைத்தார், வாசலைப் பார்த்தார். திமிங்கலத்தோடு குடித்தனம் நடத்தியவர், ஒரு தையல்காரி வாசலில் வந்து குறுக்கே நிற்கிறாள் என்று சமையலறை வழியாக ஓடினார். ஓடும்போது தண்ணீர் மாற்ற வைத்திருந்த உப்பு நீர்த் தொட்டியில் முட்டிவரை விழுந்தார். கடலில் நனையாத துணி அங்கே சொட்டச் சொட்ட நனைந்தது. கொல்லைக் கதவு அடித்துக்கொண்டது. வாசலில் அவர் செருப்பு அப்படியே கிடந்தது. முன்பு நல்ல செருப்போடு வீட்டுக்குப் போனாரே, அவர் அதையும் ஒருமுறை போட்டு அளவு பார்த்தார்.

அடுத்த சில வாரங்கள் அந்தத் தெருக்களில் விநோதமாக இருந்தன. பெரிய மனிதர்கள் கையில் டப்பாவோடு வீடு வீடாக ஏறினார்கள். “உங்க தாய் இருக்காங்களா? இதைக் கொஞ்சம் தொட்டு வச்சுப் பாக்கணும்” என்றார்கள். பல் டாக்டர் வீட்டுக் கடலடிக் கிளைக்குத் தாய் பேராசிரியர் வீட்டில் கிடைத்தது. பேராசிரியர் கிளைக்கு இன்னும் தேடுகிறார்கள்.

மீட்டர் வீட்டில் கொழுந்தியாள் தையல் இயந்திரத்தின் விளக்கைத் துடைக்கும் அதே துணியால் தொட்டி விளக்கின் உப்பைத் துடைத்தாள். மீன்களுக்கு விருந்து நின்று சாப்பாடு தொடங்கியது. தாயின் நுனிகளில், வெறுங்கண்ணுக்கு, பட்டப்பகலில், மெல்லிய ஊதா வந்திருக்கிறது. “அற்புதம்” என்று மீட்டர் வாய் திறந்தார். “துணி” என்றாள் அவள்.

இத்தனையையும் கேட்ட சலூன்காரர் அன்று கடையைப் பாதியில் சாத்திவிட்டுத் தையல் கடைக்குப் போனார். மேலங்கி தைக்கப் போனதாகத்தான் சொன்னார்.

“ஏம்மா, உங்க அத்தான் ஒரு கதை சொன்னாரு. பவளம் சாட்சி சொல்லிச்சாம், மகான் ஓடினாராம். ஆளு எப்பவும் பூனையைப் புலியாக்கிறவரு. நீங்களே சொல்லுங்க, நடந்துச்சா?”

அவள் மிதியை நிறுத்தினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“சமையலறை அலமாரியில ஆள் இருந்ததா சொல்லியிருப்பாரே, அது பொய். மத்தபடி நடந்தது நிஜம்தாங்க. நானே நம்பல, ஆனா நடந்துச்சு. அந்தப் பிராணிக்குத் தலையும் இல்ல, மூளையும் இல்ல. தன்னோடது எது, அடுத்தவனோடது எதுன்னு அது தொட்டுப் பாத்துத் தெரிஞ்சுக்கிச்சு. நமக்கு ரெண்டும் இருந்துச்சு. நாம தொட்டுக் கும்பிட்டுட்டு வந்தோம்.”